எங்கள் மின்சாரக் காருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கீழக்கரை வெல்டிங் பட்டறை காக்காவுக்கும் (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), மண்டபம் போட் மெக்கானிக் மாமாவுக்கும், கருவாட்டுக் களத்து அக்காமாருக்கும்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கார் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு களத்தை நிற்காமல் சுற்றி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் உங்களுக்கு நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. அதனால்தான் இந்த மடல்.

தொடங்கும்போது எங்களிடம் ஒரு கணக்கு மட்டும்தான் இருந்தது. 3.2 வோல்ட் லித்தியம் செல்கள் 16 எடுத்து வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர் மணி என்றால் ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம். இ-ரிக்‌ஷா மோட்டார், 1000 வாட். நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உப்புக் காற்று அந்த நோட்டில் இல்லை.

காக்கா, துருப் பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றோம். பத்தவைக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். மேலே இருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும் என்று சொல்லி, இணைப்பு வரும் இடங்களை எல்லாம் முதலில் தேய்த்தெடுக்க வைத்தீர்கள். பத்தவைத்த பிறகு அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்று துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சும், அதன் மேல் இரண்டு கோட் பெயின்டும் அடிக்கச் சொன்னீர்கள். கூலி வாங்கவே இல்லை. வெல்டிங் ராடுக்கு மட்டும் காசு கேட்டீர்கள்.

இரண்டாவது வாரமே வண்டி நின்றுபோனது. கனெக்டர் ஒன்று உருகியிருந்தது. கழற்றினால் செம்பில் பச்சையாகக் களிம்பு. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால் இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் மாமாவின் தலையில் விழும். அந்த நெருக்கடியிலும் வந்து பார்த்தீர்கள் மாமா. வயரை வெட்டிக் காட்டினீர்கள், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரம் செம்பு கறுத்துப்போயிருந்தது. ஓடும்போது 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் கிளம்பும்போது 60 இழுத்தால் கரண்ட் மூன்று மடங்குதான், ஆனால் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், களிம்பேறிய இணைப்பில் அது ஒன்பது மடங்கு. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய சூத்திரம்தான் அது. உருகிய பிளாஸ்டிக்கைக் கையில் பிடித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

போட்டில் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்து, பசை வைத்த டியூபைச் சூடு காட்டிச் சுருக்கி, கிரீஸ் தடவி மூடக் கற்றுக்கொடுத்தீர்கள். படகின் அடியில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் இருந்த துத்தநாகக் கட்டியைக் காட்டி, “கடல் எதையாவது தின்னத்தான் செய்யும், அதுக்கு இதைப் போட்டு வச்சிருக்கோம்” என்றீர்கள். காரிலும் ஒன்று மாட்டலாமா என்று கேட்டோம். கார் தண்ணீரில் நிற்பதில்லை, அது உதவாது, இரண்டு வெவ்வேறு உலோகம் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அன்றைக்கே அலுமினியப் பேட்டரிப் பெட்டிக்கும் எஃகு போல்ட்டுக்கும் நடுவில் நைலான் வாஷர் போட்டோம். தெற்கிலிருந்து அடிக்கும் இந்தச் சோளகக் காற்றிலும் அது சுத்தமாக இருக்கிறது.

பதிவு செய்யாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. அக்காமார் சாயங்காலம் ஆனதும் கருவாட்டை வாரி ஓரமாக ஒதுக்கி எங்களுக்குக் களத்தைக் கொடுத்தீர்கள். பிரேக் பிடிக்காமல் ஒரு நாள் கருவாடு காயவைக்கும் பாய் மேலேயே வண்டியை ஏற்றிவிட்டோம். ஒரு வார்த்தை திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தீர்கள். ராத்திரி எந்நேரமானாலும் சோறு எடுத்து வைத்திருந்த எங்கள் அம்மாக்களுக்கும், ஆய்வகச் சாவியை நம்பிக் கொடுத்த சாருக்கும் நன்றி.

கிரிம்பிங் கருவி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது மாமா. ஞாயிற்றுக்கிழமை களத்துக்குக் கொண்டு வருகிறோம். காக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

இப்படிக்கு,
கார் செய்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்