புது சர்வர் வாங்கும் முன் ஒரு போன் போடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிக் கடையிலிருந்து எழுதுகிறோம். நாங்கள் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் மெதுவாக ஓடினால் உடனே புது சர்வர் வாங்கிவிடாதீர்கள்; காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். காற்றில் மரம் சாய்ந்து இன்டர்நெட் கேபிள் அறுந்த அன்று ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. "சர்வர் எங்க ரூம்லயேதான் இருக்கு. நெட் போனா பில்லு ஏன் இழுக்குது?"

நியாயமான கேள்வி. உங்கள் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான மைஎஸ்கியூஎல், தன்னிடம் வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை வைத்து அதன் பெயரைத் தேடும். அதைப் பெரும்பாலும் வெளியே உள்ள டிஎன்எஸ்ஸிடம் (பெயர்களையும் ஐபி எண்களையும் பொருத்திச் சொல்லும் சேவை) கேட்கும். நெட் இல்லையென்றால் பதில் வராமல் காத்துக் கிடக்கும். ஸ்கிப் நேம் ரிசால்வ் என்ற ஒரு வரியை அமைப்பில் சேர்த்து, யூசர்களை ஐபி எண்ணுக்கு மாற்றினால் போதும். இது செலவில்லாத வேலை.

இன்னொரு புகார்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பழைய விண்டோஸ் மெஷினில் சட்டென்று முடிந்த மாதக் கணக்கு, புது லினக்ஸ் சர்வரில் நிமிடக் கணக்கில் ஓடியது. லினக்ஸ்தான் மோசம் என்று வாடிக்கையாளர் முடிவே கட்டிவிட்டார். போய்ப் பார்த்தோம். 600 விவசாயிகள், 30 நாள் கொழுந்து எடை, மொத்தம் 18,000 பதிவுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக கமிட் செய்யும்படி (அதாவது டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதி உறுதி செய்யும்படி) நாங்களே எழுதியிருந்தோம். தப்பு எங்களுடையதுதான். 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு கமிட் பத்திரமாக எழுதப்பட ஏறக்குறைய ஒரு சுற்று வேண்டும். ஆக, குறைந்தது இரண்டரை நிமிடம். மைஎஸ்கியூஎல் 8-இல் பைனரி லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகக் குறித்து வைக்கும் ஃபைல்) தானாகவே ஓடுவதால் அந்த நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது.

அப்படியானால் பழையது எப்படி வேகமாக ஓடியது? அதில் டிஸ்க் கேஷை (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) ஃபிளஷ் செய்வதை, அதாவது அதில் இருப்பதை உடனே டிஸ்க்கில் எழுதவைப்பதை, யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். டிஸ்க்கில் எழுதும் முன்பே "எழுதியாச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் பதிவும் போயிருக்கும்.

இப்போது 18,000 பதிவுகளையும் ஒரே கமிட்டில் எழுதும்படி மாற்றிவிட்டோம். சில விநாடிகளில் முடிகிறது. இந்த வார அப்டேட்டில் எல்லோருக்கும் வரும். மைஎஸ்கியூஎல்லின் ஃபிளஷ் அமைப்பை, ஒவ்வொரு கமிட்டுக்கும் உடனே டிஸ்க்கில் எழுதும் 1-இலிருந்து, ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை எழுதும் 2 ஆக்கினாலும் வேகம் கூடும்தான். ஆனால் கரண்ட் போனால் கடைசி ஒரு விநாடிப் பதிவுகள் காணாமல் போகலாம். நம் மலையில் மழைக்காலத்துக் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதனால் அதைத் தொடவில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

ரேம் விஷயம் ஒன்று. 16 ஜிபி போட்டிருந்தாலும் பஃபர் பூல் (மைஎஸ்கியூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) பல இடங்களில் ஆரம்ப அளவான 128 எம்பியிலேயே கிடக்கிறது. விண்டோஸ் சர்வர் என்றால் ஆன்டிவைரஸ் டேட்டா ஃபோல்டரையும் துருவுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், போன் செய்யும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள்: எல்லாக் கம்ப்யூட்டரிலும் மெதுவா, ஒன்றில் மட்டுமா? உள்ளே நுழையும்போதே இழுக்கிறதா, சேவ் செய்யும்போதா? பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எங்களுக்கும் மழையில் மலை ஏறும் வேலை மிச்சம்.

இப்படிக்கு,
கோத்தகிரிக் கடையினர்