18 கதிரை, 31 பேர்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. கறுப்புக் கண்ணாடியோடு இருந்து சீரியல் பார்க்கிறா என்று நீ எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மகளுக்கு ஓ.எல். சோதனை வருகிறது. டிவிக்குத் துணி போர்த்தியாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். யாழ்ப்பாணம் திருநெல்வேலி வீட்டு மேல்மாடியில் கோவர்க்கிங் இடம், அதாவது பல தொழில்காரர் கதிரையை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருந்து வேலை செய்யும் இடம், திறக்கப் போகிறாய், யார் யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஐடி பொடியன்கள், டிசைனர்கள், புதுக் கம்பனி தொடங்குகிறவர்கள் என்று நீ போட்ட பட்டியலைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. நான் தொடங்கியபோது கொப்பியில் எழுதி வைத்ததும் அதேதான். தொழிலைப் பார்த்து ஆள் தேடினால் நீயும் என்னைப்போல ஒரு வருடத்தை வீணாக்குவாய்.

நான் திறந்தது 2022 பெப்ரவரி. அடுத்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது, ஞாபகம் இருக்கும். என்னிடம் ஜெனரேட்டர் இருந்தது. 18 கதிரையும் நிரம்பி, படிக்கட்டில் குந்தியிருந்தும் வேலை செய்தார்கள். எனக்கு வியாபாரம் கைவந்துவிட்டது என்ற நினைப்பு. டீசலுக்கு வரிசையில் கிடந்த கதையை நேரில் சொல்கிறேன். மின்வெட்டு குறையக் குறைய ஆட்களும் குறைந்தார்கள். கரண்டுக்கு வந்தவர்கள் கரண்ட் வந்ததும் வீட்டுக்குப் போனார்கள், அவர்களில் என்ன பிழை? ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். மிஞ்சிய ஏழு பேருக்காக ஏசியைப் போடுவதா, யன்னலைத் திறந்து கடல் காற்றை விடுவதா என்று நான் தினமும் யோசித்த காலம் அது. (கடல் காற்று இலவசமில்லை, மச்சான். உப்பில் ஏசியின் வெளிப்பெட்டி இரண்டு வருடத்தில் துருப்பிடித்து உதிர்ந்தது.)

அப்புறம்தான் அந்த ஏழு பேரையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஏன் இவர்கள் மட்டும் போகவில்லை? ஒருவன் அவுஸ்திரேலியக் கம்பனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு பிள்ளை வெப்சைட் வடிவமைக்கிறவள். இப்படி ஆளுக்கொரு தொழில். பொதுவாக இருந்தது இரண்டே விஷயம். எல்லோரும் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். எல்லோருடைய வீட்டிலும் ஆட்கள் நிறைய. இரண்டு அறை ஃபிளாட்டில் ஆறு பேர் இருக்கும் ஊர் இது. வீட்டில் இருந்து வேலை செய்கிறவனை வேலை செய்கிறான் என்று யாரும் நம்புவதில்லை. "சும்மாதானே இருக்கிறாய், காஸ் சிலிண்டரை ஒருக்கா மாற்றிவிடு தம்பி" என்பார்கள். அவனுக்கு என் வைஃபை தேவையில்லை. காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவதற்கு ஓர் இடம் தேவை.

ஏழாவது ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு அக்கா, அறுபது தாண்டியவ, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். விசாவுக்காக மற்றவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாம் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பவ. முதலில் வந்து கேட்டபோது இடமில்லை என்று பொய் சொன்னேன். என் கொப்பியில் அப்படி ஓர் ஆள் இல்லை. பத்திரங்களோடு ஆட்கள் படியேறி வருவார்கள், இடத்தின் 'லுக்' கெட்டுவிடும் என்று பயந்தேன். மூன்று மாதம் கழித்து இடம் காற்றாடியபோது நானே போய்க் கூப்பிட்டேன். இன்றைக்கு அந்த அக்கா வராத நாளில் எல்லோரும் ஏனென்று கேட்கிறார்கள். அவவிடம் பத்திரம் கொடுக்க வந்தவர்களில் மூன்று பேர் பிறகு என் உறுப்பினர்கள் ஆனார்கள். நான் ஃபேஸ்புக்கில் காசு கட்டிப் பிடித்தவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை.

நாங்கள் பம்பலப்பிட்டியில் போர்டிங் இருந்த வீட்டு அன்ரியை ஞாபகமா? எந்தக் கம்பஸ், அப்பா என்ன செய்கிறார் என்று ஒன்றும் கேட்கமாட்டா. "இரவு எத்தனை மணிக்குப் படுப்பீர்?" என்று மட்டும் கேட்பா. அப்போது பைத்தியம் என்று நினைத்தோம். இப்போது நானும் வருகிறவர்களிடம் நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன். சிட்னியில் காலை ஒன்பது மணி எங்களுக்கு விடிய நாலரை, அவர்களுடைய கோடையில் மூன்றரை. அந்தக் கணக்குப் பொடியன் வீட்டிலேயே தொடங்கி, ஏழு மணிக்கு இங்கே வந்து, மத்தியானச் சோற்றோடு முடித்துவிடுவான். லண்டன்காரருக்கு வேலை செய்கிறவள் ஒன்றரை, இரண்டரைக்குத்தான் வருவாள். ஒரே கதிரையில் இரண்டு பேர், சண்டையில்லை. 18 கதிரையில் 31 பேரை வைத்திருப்பது இப்படித்தான். அமெரிக்க வேலைக்காரர்களை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. அவர்களுக்கு இரவு முழுக்க இடம் திறந்திருக்க வேண்டும், மேல்மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார்.

நேரம் பொருந்தினால் மூன்று நாள் சும்மா வந்திருக்கச் சொல்லுவேன். முதல் நாள் எல்லோரும் நல்லவர்கள். மூன்றாம் நாள் பார்: ஃபோன் வந்தால் வெளி விறாந்தைக்குப் போகிறானா, குடித்த கோப்பையைக் கழுவுகிறானா, பக்கத்தில் ஒருவர் பிரின்டரோடு மல்லுக்கட்டும்போது எழும்பிப் போய் உதவுகிறானா. மூன்றாவது இருந்தால் முதல் இரண்டையும் நான் மன்னித்துவிடுவேன்.

ஒரு சூடுபட்ட கதையும் சொல்கிறேன். ஒரு கம்பனி வந்து பத்துக் கதிரையை ஒன்றாக எடுத்தது. பெயர் வேண்டாம். மாதா மாதம் காசு சரியாக வந்தது, எனக்குக் கொண்டாட்டம். ஆனால் இடம் அவர்களின் கந்தோராகிவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக இருந்தார்கள், இரண்டு பேர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். ஒரு நாள் கம்பனியும் பத்துப் பேரோடு போய்விட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் நாலு கதிரைக்கு மேல் கிடையாது.

உன் இடம் கம்பஸுக்குப் பக்கம், மாணவர்கள் வருவார்கள். இங்கே சீமா கணக்கியல் படிக்கிறவர்கள் சோதனைக் காலத்தில் வந்து, ஒரு பிளேன்டீயோடு பத்து மணித்தியாலம் இருந்தார்கள். தனி மேசை, தனிக் கட்டணம் வை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு மாதம் நின்று வேலை செய்கிறவர்களும் வருவார்கள். நல்ல காசு வாங்கு, ஆனால் அவர்களை எண்ணிக் கதிரை வாங்காதே. என் ஜெனரேட்டர் காலம் அதுதான்.

முதல் மாதம் வெறுமையாகக் கிடந்தால் பயப்படாதே. 2005 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள்காரர் கிழமைக்கு இரண்டு நாள் இடம் வாடகைக்கு எடுத்து இதைத் தொடங்கினார், சொந்தத் தொழிலின் சுதந்திரமும் வேண்டும், கந்தோரின் கூட்டும் வேண்டும் என்று. முதல் மாதம் ஒருவரும் வரவில்லையாம். நீ எப்படியும் கீழே அம்மாவை வைத்திருக்கிறாய், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை.

தைப்பொங்கல் லீவுக்கு யாழ்தேவியில் வருகிறேன். மேல்மாடியைப் பார்த்துவிட்டு ஃபேன் எங்கே, பிளக் எங்கே என்று சொல்கிறேன். அதுவரை மேசை ஒன்றும் ஓடர் பண்ணாதே. ஒடியல்மா ஒரு கிலோ எடுத்து வை, மொழிபெயர்ப்பு அக்கா கூழ் காய்ச்சி எல்லோருக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறா.

அன்புடன்,
உன் போர்டிங் கூட்டாளி