அவசரத்துக்கு உதவாத உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஒரு கடை வைத்திருக்கிறேன். ஸ்காலர்ஷிப் போட, தேர்வுக் கட்டணம் கட்ட என்று காலேஜ் பிள்ளைகள் நாள் முழுக்க வந்துபோகிற இடம், அதனால் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது பாதி காதில் விழுந்துவிடும். உதவித்தொகைத் திட்டங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது, சந்தோஷம். ஆனால் வீட்டில் திடீரென்று ஒன்று ஆகிவிட்டால் அந்த வாரமே கைக்கு வருகிற காசு என்று ஒரு மாணவனுக்கு எதுவும் இல்லையே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன், இரண்டாம் வருஷம். அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை, அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா சாரத்திலிருந்து விழுந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசு ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்குக் காசு இல்லை, சரி. கூட இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு, தினமும் பஸ்ஸுக்கு? அப்பாவின் சம்பளம் நின்றது, அம்மா பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வார்டில் உட்கார்ந்ததால் அந்த வரும்படியும் நின்றது, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியும் அந்த நேரத்தில்தான் வந்தது. கடைக்கு வந்து, "அண்ணாச்சி, அப்பா படுத்துட்டாங்க, வருமானச் சான்றிதழ்ல இன்னும் குறைச்சுப் போட்டா ஸ்காலர்ஷிப் காசு உடனே வருமா?" என்று கேட்டான். என்ன சொல்ல? அவனுடைய பழைய சான்றிதழிலேயே ஏழை என்றுதான் இருக்கிறது, அதற்குமேல் எதைக் குறைப்பது? பழைய பாக்கியும் சேர்த்து அவனுக்குத் தேவைப்பட்டது ஐயாயிரத்துக்குள்தான். பரீட்சை எழுதவில்லை. இப்போது டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறான்.

திட்டங்களே இல்லை என்று சொல்லவரவில்லை. புதுமைப்பெண் 2022-லும் தமிழ்ப்புதல்வன் 2024-லும் வந்தன, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய், அதை நம்பித்தான் பல பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு உண்டு, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் மத்திய அரசு கொடுக்கிறது. எல்லாம் நல்லதுதான், ஆனால் சான்றிதழ், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, கல்லூரி சரிபார்ப்பு என்று நடந்து முடியவே மாதக்கணக்காகும். வருஷ வருமானம் எவ்வளவு என்று கேட்க விண்ணப்பத்தில் கட்டம் இருக்கிறது. போன வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்திலும் இதைப் பார்த்தோம். அதிகம் பாதித்த இடங்களில் ரேஷன் கார்டுக்கு 6000 ரூபாய் கொடுத்தார்கள், அது அரிசி, பாத்திரம், அடுப்பு என்று வீட்டுக்கே போய்விட்டது, படிக்கிற பிள்ளைக்கு என்று அதில் என்ன மிஞ்சும்? ஒன்றோடொன்று ஒட்டிப்போன மார்க் ஷீட்டுகளைப் பிரித்து, கடை ஃபேனுக்குக் கீழே காயவைத்துத்தான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். சிலருக்குப் புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்காரர்கள் வட்டிக்குத்தான் போகிறார்கள். கந்துவட்டிக்குத் தனிச் சட்டம் வந்தது 2003-ல், 2017-ல் நம் நெல்லை கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது எல்லோருக்கும் தெரியும். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் முதல்வர் கையில் ஒரு சின்ன நிதி இருக்கட்டும். பழைய மாணவர் சங்கம் வருஷா வருஷம் கூடுகிறது, மேடை, ஷீல்டு, பிரியாணி என்று செலவழிக்கிறார்கள் (பிரியாணி வேண்டாம் என்று சொல்லவில்லை), அதில் கொஞ்சம், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொஞ்சம், ஊர்க் கடைக்காரர்கள் நாங்களும் போடுகிறோம். வகுப்பு ஆசிரியருக்குப் பையனைத் தெரியும், அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இரண்டு நாளில் மூவாயிரமோ ஐயாயிரமோ கொடுத்துவிட வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. யாராவது ஏமாற்றுவார்கள் என்பீர்கள். ஏமாற்றட்டுமே, ஐயாயிரத்துக்காக அப்பா விழுந்துவிட்டார் என்று பொய் சொல்கிற பிள்ளை எத்தனை பேர் இருப்பார்கள்!

அப்புறம் ஒன்று, உங்களுக்கும்தான். உதவி வாங்குகிற பிள்ளையை நடுவில் நிறுத்திக் காசோலையோடு போட்டோ எடுத்துப் பேப்பரில் போடாதீர்கள். அந்த போட்டோவுக்குப் பயந்தே கேட்காமல் இருக்கிற பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என நாலு மாவட்டத்துக் கல்லூரிகள் அதன் கீழ் இருக்கின்றன. வீட்டில் சாவு, விபத்து என்றால் முதல்வரின் கடிதத்தை வைத்து, கட்டணம் கட்ட ஒரு மாதம் அவகாசம், அபராதமும் கிடையாது என்று தேர்வுக் கட்டணச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த செமஸ்டர் சுற்றறிக்கையிலேயே சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
பாளையங்கோட்டை