தாய்மாரையும் வகுப்புக்கு அழை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையில் நீ மாலை வகுப்பு தொடங்கியதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குப் பெருமை தாளவில்லை. எனக்கும்தான், ஆனால் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துக்கொண்டு தாய்மாரை விட்டுவிடாதே என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தில் நான் தொண்டனாக இருந்தது உனக்குத் தெரியும். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலெல்லாம் குவாரியில் கல் உடைத்துக் காய்த்துப்போன விரல்களால் பலப்பம் பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும், குவாரிகளை அவர்களது குழுக்களே குத்தகைக்கு எடுப்பதற்கும் வழி செய்தார். தாயின் மடியைத் தேடி வந்த குழந்தைகளும் அரிக்கேன் விளக்கடியில் எழுதிப் பழகின. நாங்கள் யாரும் அந்தக் குழந்தைகளை அழைக்கவில்லை.

சூளையில் வறுமை முன்பணத்தின் வழியாகத்தான் பிள்ளைக்கு இறங்குகிறது. வேலையில்லாத மழைக்காலத்தில் வாங்கிய பணத்துக்காகக் குடும்பமே வந்து செங்கல் அறுக்கிறது. எத்தனை ஆயிரம் கல் அறுத்தார்கள், வாரச் செலவுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதெல்லாம் மேஸ்திரியின் நோட்டில் மட்டுமே இருக்கும். சீசன் முடிவில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர் சொன்னால், மறுத்துப் பேச இவர்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இராது. அடுத்த ஆண்டும் வந்தாக வேண்டும். அதற்குள் சற்று வளர்ந்துவிட்ட பிள்ளை, பள்ளியை விட்டு, ஈரக் கல்லைத் திருப்பிப் போட வந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டுக் கொடு. தேதி, அறுத்த கல், வாங்கிய பணம் என மூன்று பத்தி போதும். பிள்ளை எழுதட்டும், தாய் விரல் வைத்துப் படித்துச் சரிபார்க்கட்டும். மற்ற நாட்களில் அவள் ஒரு கதை சொல்ல, பிள்ளை எழுத, அதையே அவள் வாசிக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் எழுத்து அவளுக்கு விரைவில் பிடிபடும். தகப்பன்மார் வந்தால் வரவேற்பாய். வருவார்கள் என்று காத்திருக்காதே.

இரவுச் சோற்றுக்கு வைத்த உலையை இறக்கிய பிறகே வகுப்பைத் தொடங்கு, இல்லையென்றால் ஒருத்தியும் வரமாட்டாள். சீசன் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் ஒரு கதைப் புத்தகமாவது கொடுத்தனுப்பு; படிக்க ஏதுமில்லாமல், கற்ற எழுத்தை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோட்டுகளை நானே வாங்கி அனுப்புகிறேன். எத்தனை குடும்பங்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
அப்பா