நாற்றுப்பண்ணைக்கு எந்தக் கணக்கில் நிவாரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கு அரசு கொடுத்த உதவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2,000 ரூபாய், பயிர்க்கடன் தள்ளுபடி எல்லாம் இருந்தது. நாற்றுப்பண்ணை என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் மேல் தப்பில்லை. கொடுத்தவர்கள் கணக்கிலேயே நாங்கள் இல்லை.

ராயக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, நிழல்வலைக் குடில் போட்டுத் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடுகிறேன். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது என்னிடம் 1,200 குழித்தட்டு நாற்று நின்றது, தட்டுக்கு 98 குழி. தக்காளி நாற்று 25 நாளில் வயலுக்குப் போயாக வேண்டும். விவசாய வேலைக்குத் தடையில்லை என்று மார்ச் முடிவதற்குள் அறிவித்துவிட்டார்கள், சரி. ஆனால் காயைப் பறித்து எங்கே அனுப்புவது என்று தெரியாதவர் புதிதாக நடுவாரா? முன்பணம் கொடுத்தவர்களே "இப்ப வேண்டாம்ணே" என்றார்கள். மே மாதம் சென்னை கோயம்பேடு சந்தையும் மூடியது. அதற்குள் தண்டு முற்றி, வேர் குழிக்குள்ளேயே சுருண்டு, நாற்று எல்லாம் எருக்குழிக்குப் போய்விட்டது. தக்காளியைச் சாலையில் கொட்டினால் படம் எடுக்கவாவது யாராவது வருவார்கள். நாற்றைக் கொட்டினால் ஆடுகூட எட்டிப் பார்க்காது.

அந்த ஏப்ரலில் மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித் திட்டத்தில் வந்த 2,000 ரூபாய் புதுப்பணமே இல்லை. ஆண்டுக்கு 6,000 என்பதில் ஒரு தவணையை முன்கூட்டிக் கொடுத்தார்கள். அதுவும் 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்குத்தான். ஆக, என் நிலத்துக்காரருக்கு வந்தது. ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார், நல்ல மனிதர். அந்த வருஷக் குத்தகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். என் தொழிலுக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 12,110 கோடி தள்ளுபடி செய்தது கூட்டுறவுப் பயிர்க்கடனை. நான் வாங்கியிருந்தது குடில் போட வங்கிக் கடன். ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது.

இதில் வயிறெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அதே 2020 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் கணக்கில் பி.எம். கிசான் பணம் போயிருப்பது வெளியே வந்தது. சுமார் 110 கோடி ரூபாய், சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. விவசாயமே செய்யாதவர் பெயரெல்லாம் பட்டியலில் ஏறிவிட்டது, நாற்று விடுகிறவன் பெயர் ஏறவில்லை.

அமெரிக்காவில் விவசாயிகளுக்கான கொரோனா நிவாரணத்தின் முதல் சுற்றில் நர்சரிகளை விட்டுவிட்டு, அப்புறம் ஆகஸ்டில் சேர்த்தார்களாம். செப்டம்பரில் வந்த இரண்டாம் சுற்றில் 2019 விற்பனையை வைத்துக் கணக்குப் போட்டார்கள்: முதல் 50,000 டாலர் வரை 10.6 சதவீதம், அதற்கு மேல் போகப் போக விகிதம் குறையும். அங்கேயும் பெரிய பண்ணைகளுக்குத்தான் பெரிய தொகை போயிருக்கும், அது வேறு கதை. நிலம் யார் பெயரில் என்று பார்க்காமல் என்ன விற்றாய் என்று கேட்டார்களே, நான் சொல்வது அதைத்தான்.

இங்கே அப்படிக் கேட்க முடியாதா? நாற்று விற்க விதை விற்பனை உரிமம் வாங்கச் சொல்கிறார்கள். ரகம், விதையின் குவியல் எண் (லாட் நம்பர்) போட்டு பில் கொடுத்தோமா என்று வந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், போலி நாற்று விற்பவர்களால் எங்களுக்கும்தான் கெட்ட பெயர். ஆனால் அந்த உரிமப் பட்டியலும் பில்லும் ஆய்வுக்கு மட்டும் உதவினால் போதுமா? அடுத்த முறை நோயோ வெள்ளமோ வரும்போது அதை வைத்தே எங்களுக்கும் நிவாரணம் கணக்கிடலாம். என் பில் புத்தகங்களை 2019-லிருந்து பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாற்றுப்பண்ணைக்காரர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.