இடம் மாற்றிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி

நேற்றுக் கச்சேரியில் எங்களுக்குக் கிடைத்தது ஸ்பீக்கருக்கு நேர் எதிர் வரிசை. மேடை இசையின் சத்தம் எளிதாக 100 டெசிபலைத் தொடும், அந்த அளவில் பெரியவர்கள் காதுக்கே கால் மணி நேரம்தான் தாங்கும் என்பார்கள். மகள் சத்தத்தைக் குறைக்கக் காதை மூடும் இயர்மஃப் போட்டிருந்தாள், ஆனாலும் டிரம்ஸ் அடி நெஞ்சில் அதிர, என் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழத் தயாரானாள். கிளம்பிவிடலாமா என்று நாங்கள் கண்ஜாடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து நீங்களும் உங்கள் தோழிகளும் எழுந்து வந்து, "நீங்க அங்க போய் உக்காருங்க, எங்களுக்குச் சத்தம்தான் வேணும்" என்றீர்கள். (பிள்ளையோடு வருகிறவர்களை முறைப்பவர்கள்தான் அதிகம், சரி, அது இப்போது எதற்கு.) அப்புறம் அவள் நாற்காலிமேல் ஏறி நின்று ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரொம்ப நன்றி அக்கா, இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.