மூலிகை மரங்களுக்கு ஒரு தாய்மரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அருகிவரும் மூலிகை மரங்களைத் திசு வளர்ப்பு முறையில், அதாவது தண்டுத் துண்டை ஆய்வகக் குடுவையில் ஊட்டக் கலவையிட்டுக் கன்றாக்கும் முறையில், பெருக்குவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆயினும், அதில் விடுபட்டுப்போன ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மதுரை வட்டாரத்தில் திசு வளர்ப்பு என்றதும் நினைவுக்கு வருவது கம்பம் பள்ளத்தாக்கின் ஜி-9 ரக வாழைதான். எல்லா மரமும் ஒரே சமயத்தில் தார் விடுவது வாழை விவசாயிக்கு ஆதாயம். காட்டு மரத்துக்கோ அந்த ஒரே தன்மைதான் ஆபத்து. ஒரே தாய்மரத்தின் கணுக்களிலிருந்து எடுத்த கன்றுகள் அத்தனையும் ஒரே மரபியல்பு கொண்டவை என்பதால், ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்த்துவிடும்.

திசு வளர்ப்பு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. நீரிழிவுக்காரர்கள் இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் குவளைகளுக்காக வெட்டப்படும் வேங்கை மரத்தின் கனியின் ஓடு மிகக் கடினமானது. விதை எளிதில் முளைப்பதில்லை. பத்து மூலிகை வேர்கள் கொண்ட தசமூல மருந்தில் சேரும் பாதிரி, பெருவாகை போன்றவற்றுக்கோ, வேரைத் தோண்டினால் மரமே போய்விடுகிறது. இவற்றைப் பெருக்கத் திசு வளர்ப்பு உதவும்.

ஆனால், முதிர்ந்த மரத்தின் தண்டுத் துண்டை வெட்டியதும் கசியும் பீனால் என்னும் வேதிப்பொருள், ஊட்டக் கலவையைக் கறுக்கச் செய்து, துளிர்க்கும் முன்பே திசுவைக் கொன்றுவிடுவதுண்டு. அதையும் தாண்டி வேர்விட்ட கன்று, ஈரம் நிறைந்த குடுவைக்குள்ளேயே வளர்ந்ததால் இலையில் மெழுகுப் பூச்சு சரிவர அமையாமல், வெளிக்காற்று பட்டதும் வாடுகிறது. நிழல்வலைக் குடிலில் வாரக்கணக்கில் ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழக்கினால்தான் அது மதுரை வெயிலைத் தாங்கும். குடுவையில் வேர்விட்டதையே வெற்றியாகக் கொண்டு ஆய்வுத் திட்டத்தை முடித்துக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

எனவே, அழகர்மலை, சிறுமலை ஆகியவற்றிலும் நம் ஊர்க் கோயில்காடுகளிலும் எஞ்சி நிற்கும் தாய்மரங்களை முதலில் அடையாளம் கண்டு, ஒவ்வோர் இனத்திலும் பல மரங்களிலிருந்து கணுக்களை எடுக்க வேண்டும். விதையில் நன்கு முளைப்பவற்றுக்கு நாற்றங்காலே போதும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் ஆய்வகங்களையும் வனத்துறை நாற்றங்கால்களையும் ஒரே திட்டத்தில் இணைத்து, கன்று மலையில் ஊன்றி இரண்டு கோடையாவது தாண்டும் வரை அரசு நிதி வழங்க வேண்டும். எந்தத் தாய்மரத்தின் கன்று எங்கே நடப்பட்டது என்ற பதிவேடும் தேவை. நமக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவம் என்பதால், ஐப்பசிக்குள் கன்றுகள் நடவுக்குத் தயாராகும்படி ஆய்வகப் பணிகளைத் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பரங்குன்றம், மதுரை.